கொம்பு இடம் மாறினால்

2023 மே மாதம், பெங்களூர். கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் அம்மா, பேத்தியின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி. தமிழ் வீட்டோடு சரி. ஆச்சி வந்த சந்தோஷத்தில், யாரும் சொல்லாமலே பத்துத் தமிழ் வார்த்தைகளை எழுதி வைத்திருந்தாள்.

'பெட்டி' என்று எழுதுபவர்கள் முதலில் கொம்பைப் போடுவார்கள், பிறகுதான் 'ப'. அவள் முதலில் 'ப' எழுதி, அதற்குப் பின்னால் கொம்பைப் போட்டிருந்தாள். கொம்பு அடுத்து வந்த 'ட்'டோடு போய் ஒட்டிக்கொண்டிருந்தது. 'கொக்கு'வில் 'க' தனியாக முன்னால் நின்றது. கொம்பும் காலும் அதற்குப் பின்னால் ஜோடியாக நின்றன. கை தவறிய பிழை இல்லை. பத்து வார்த்தைகளில் கொம்பு வரும் ஆறிலும் இதே கதைதான்.

"ஏட்டி, இது யாரு சொல்லித் தந்தா?" என்றார் அம்மா.

"அப்பாவோட கேம்ல இப்படித்தான் இருக்கு, ஆச்சி" என்று போனை எடுத்துக் காட்டினாள் மகள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏலே, இதுக்காலே இத்தனை வருஷம் படிச்ச?"

ஒப்புக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த பிழைதான் அது. பகலில் ஒரு வங்கிக்கு சாஃப்ட்வேர் எழுதுபவன் நான். இரவு ஒன்பது மணிக்கு மேல் மொபைல் கேம் எழுதுவது என் பைத்தியம். 2021 ஊரடங்கின்போது மகளுக்காக ஒரு தமிழ் வார்த்தை விளையாட்டைத் தொடங்கினேன். மேலிருந்து எழுத்துகள் விழும். அவற்றைப் பிடித்து, படத்துக்கான வார்த்தையைச் சேர்க்க வேண்டும். எழுத்துகள் உடைந்து தெரிவதைப் பார்த்தேன். 'அப்புறம் சரி செய்துகொள்ளலாம்' என்று குறித்து வைத்தேன். எங்கள் தொழிலில் 'அப்புறம்' என்ற நாள் காலண்டரில் இல்லை. நான் தள்ளிப்போட்ட இரண்டு வருடங்களில் என் மகள் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள், நான் உடைத்து வைத்த தமிழை.

கேம் எழுதுபவர்கள் கூடும் இடமெல்லாம் ஒரே சண்டைதான்: எந்த இன்ஜின் சிறந்தது? வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ரஜினியா கமலா என்பது மாதிரி தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அது ருசியைப் பற்றிய சண்டை இல்லை என்பதை அந்த நோட்டுப் புத்தகம்தான் எனக்குப் புரியவைத்தது.

இன்ஜின் என்றால் என்ன? கல்யாணம் நடத்துபவர் செங்கல் வாங்கிக் கட்டடம் கட்டுவதில்லை. மண்டபத்தை வாடகைக்கு எடுக்கிறார். மேடை, விளக்கு, சமையல்கட்டு, பாத்திரம், ஜெனரேட்டர் எல்லாம் அங்கேயே இருக்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் நம்முடையவர்கள். மொபைல் கேமும் அப்படித்தான். திரையில் படம் வரைவது, விரல் பட்ட இடத்தைக் கண்டுபிடிப்பது, சத்தம் எழுப்புவது, ஒரு பொருள் மற்றொன்றில் மோதினால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று கணக்கிடுவது: இவை எல்லா கேம்களுக்கும் பொது. இவற்றை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதுதான் இன்ஜின் அல்லது ஃபிரேம்வொர்க். பின்லாந்தின் ரோவியோ நிறுவனம் 2009ல் வெளியிட்ட ஆங்ரி பேர்ட்ஸில் பறவைகள் வில்லிலிருந்து பாய்ந்து மரக்கட்டைகளைச் சரிக்கும் அழகை உலகமே ரசித்தது. அந்தச் சரிவுக்கான கணக்கைப் போட்டது எரின் கேட்டோ எழுதி இலவசமாகக் கொடுத்த பாக்ஸ்2டி என்ற மென்பொருள்.

இன்னொரு லாபமும் உண்டு. ஆண்ட்ராய்டுக்கு ஒரு மொழி, ஐபோனுக்கு வேறொரு மொழி. இன்ஜினில் எழுதினால் ஒரே தடவை எழுதி இரண்டிலும் ஓட்டலாம். ராத்திரியில் இரண்டு மணி நேரம் மட்டுமே கிடைக்கிற என்னைப் போன்றவனுக்கு இது வரம்.

ஆனால் மண்டபத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். இதை நான் கற்றுக்கொண்டது என் முதல் கேமில்.

2012ல் ஆடு புலி ஆட்டம் எழுதினேன். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் சேர்ந்து புலியை நகரவிடாமல் அடைக்கும். தமிழ்நாட்டில் கோயில் தரையிலும் மண்டபப் படிகளிலும் இதன் கட்டத்தைச் செதுக்கி வைத்திருப்பதை இன்றும் பார்க்கலாம். கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் இதே ஆட்டம் அவரவர் பெயரில் உண்டு. நேபாளத்தில் நான்கு புலி, இருபது ஆடு. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா, தாமிரபரணிப் படித்துறையில், கரித்துண்டால் கோடு போட்டு.

அப்போது நான் தேர்ந்தெடுத்தது ஒரு சிறிய வெளிநாட்டு நிறுவனத்தின் கருவி. பெயர் வேண்டாம். கற்றுக்கொள்ள எளிது; இரண்டே வாரத்தில் புலி நகர்ந்தது. அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை. கேம் ஸ்டோரில் ஏறியது. ஊரில் அப்பாவின் போனிலும் ஏறியது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா புலி, அம்மா ஆடு. 2017ல் அப்பா காலமாகும்வரை இது நடந்தது.

இதற்கிடையே அந்த நிறுவனம் கடையை மூடிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கேம் ஓடிக்கொண்டுதானே இருக்கும் என்று நினைத்தேன். ஓடவில்லை. மொபைல் உலகில் ஒரு கேமை எழுதி முடிப்பது என்பதே கிடையாது; ஆண்டுதோறும் அதற்கு வரி கட்டவேண்டும். புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப கேமைப் புதுப்பிக்கச் சொல்லி கூகுளின் பிளே ஸ்டோர் ஒவ்வொரு ஆண்டும் கெடு வைக்கிறது. 2019 ஆகஸ்டிலிருந்து 64 பிட் வடிவம் இல்லாத கேம்களுக்கு அப்டேட் கிடையாது. 2021 ஆகஸ்டிலிருந்து 64 பிட் போன்களில் அவை ஸ்டோரில் கண்ணிலேயே படாது. 64 பிட் வடிவத்தை உருவாக்கித் தரவேண்டியது இன்ஜின். இன்ஜினைத் திருத்தவேண்டிய ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அதன் மூலநிரலை அவர்கள் யாருக்கும் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

2021 தீபாவளிக்கு அம்மாவுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். "எல்லாம் நல்லா இருக்குலே. அப்பா விளையாடுற புலி மட்டும் இதுல இல்லையே."

அதை எப்படி விளக்குவது? நான் எழுதிய புரோகிராம் என் கம்ப்யூட்டரில் ஒரு வரி கூடக் குறையாமல் பத்திரமாக இருந்தது. ஆனால் அதைப் போனில் ஏற்ற வழி இல்லை.

நிறுவனம் மூடினால் எல்லாமே முடிந்துபோகும் என்பதில்லை. அமெரிக்காவின் கொரோனா எஸ்டிகே 2009ல் வந்த பிரபலமான கருவி. யூட்டா மாநிலத்தில் எட்டாவது படிக்கும் 14 வயதுப் பையன் ஒருவன் இதில் எழுதிய பபிள் பால் என்ற கேம், 2011 ஜனவரியில் ஐபோன் இலவச கேம் பட்டியலில் ஆங்ரி பேர்ட்ஸையே முந்தியது. அந்த நிறுவனமும் பல கைகள் மாறி 2020ல் மூடப்பட்டது. ஆனால் போகும்போது நிரலைப் பொதுவுக்குத் திறந்துவிட்டுப் போனார்கள். இன்று அது சோலார்2டி என்ற பெயரில், பயன்படுத்துபவர்களே பராமரிக்கும் இன்ஜினாக உயிரோடு இருக்கிறது. ஆகவே இன்ஜினைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி, 'இதில் என்னென்ன செய்யலாம்?' என்பது அல்ல. 'நீங்கள் போன பிறகு என் கையில் என்ன இருக்கும்?' என்பதுதான்.

இந்தப் பாடத்தால் நான் ரொம்ப உஷாராகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மகளுக்கான கேமைத் தொடங்கும்போது ஒரு பெரிய இன்ஜினைத் தேர்ந்தெடுத்தேன். மூடப்படும் அபாயம் இல்லாதது. உலகம் முழுவதும் ஆட்கள் பயன்படுத்துவது. சந்தேகம் எது வந்தாலும் யாரோ ஒருவர் ஏற்கனவே கேட்டுப் பதிலும் வாங்கியிருப்பார். இதற்கும் பெயர் வேண்டாம். ஆங்கிலம் அழகாகத் தெரிந்தது. தமிழைப் போட்டேன், கொம்பு இடம் மாறியது.

ஏன்? கம்ப்யூட்டர் தமிழை நாம் எழுதும் வரிசையில் வைத்துக்கொள்வதில்லை. உச்சரிக்கும் வரிசையில் வைத்துக்கொள்கிறது. 1991ல் வந்த யூனிகோட் முதல் பதிப்பிலிருந்தே இதுதான் முறை. 'பெ' என்றால் முதலில் 'ப', பிறகு எகரக் குறி. அதைத் திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைக்கவேண்டும். 'கொ' என்றால் ஒரே குறியை இரண்டாக உடைத்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்கவேண்டும். எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஆறு வரிசைகளுக்கும் இந்த வேலை உண்டு. பதினெட்டு மெய்களோடு பெருக்கினால் 108. அதாவது 216 உயிர்மெய் எழுத்துகளில் சரிபாதி. இது போதாதென்று 'கு', 'கூ', 'டி' போன்றவை ஒவ்வொன்றும் தனி வடிவம் எடுக்கும்.

ஆண்ட்ராய்டுக்கு இது தெரியும். நீங்கள் வாட்ஸ்அப்பில் 'கொக்கு' என்று அடித்தால் ஒழுங்காகத்தான் தெரியும். ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மென்பொருள் உள்ளே உட்கார்ந்து எழுத்துகளை அடுக்கித் தருகிறது. ஆனால் கேம் இன்ஜின்களில் பல, வேகத்துக்காக போனின் இந்த வசதியைத் தொடுவதே இல்லை. எழுத்துகளை ஒரு படத்தாளில் அச்சடித்து வைத்துக்கொண்டு, வரிசைப்படி வெட்டி ஒட்டுகின்றன. ஆங்கிலத்துக்கு அது போதும். முதலில் எழுதியவர்களுக்கு ஆங்கிலம் போதுமாக இருந்தது, அவ்வளவுதான். இதில் சதி எதுவும் இல்லை. நம்மை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. சதியாக இருந்திருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம்.

மே மாதச் சம்பவத்துக்குப் பிறகு மூன்று வாரம் ஒட்டுப்போடும் வேலையில் இறங்கினேன். யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஞாபகம் இருக்கிறதா? டி.டி.பி. சென்டர்களில் கல்யாணப் பத்திரிகை அடிப்பார்களே. அவற்றில் நாம் எழுதுவது போலவே கொம்பை முதலில் தட்டவேண்டும். என் வார்த்தைகளையெல்லாம் அந்த முறைக்கு மாற்ற ஒரு புரோகிராம் எழுதினேன். 'பெட்டி' சரியாகத் தெரிந்தது. ஆனால் குழந்தை பிடிக்கும் எழுத்து எது என்று கேம் கணக்குப் பார்க்கும்போது கொம்பு ஒரு தனி எழுத்தாக எண்ணப்பட்டது. இரண்டு எழுத்துக் கட்டத்தில் மூன்று விழுந்தன. அடுத்து 247 எழுத்துகளையும் தனித்தனிப் படமாக வரைந்துவிடலாம் என்று பார்த்தேன். செய்யலாம். ஆனால் கேமின் பெயர், மெனு, 'சபாஷ்' என்று சொல்லும் பலகை என எங்கே தமிழ் வந்தாலும் படத்தைக் கோர்க்கவேண்டும். எழுத்தைப் பெரிதாக்க நினைத்தால் எல்லாவற்றையும் மீண்டும் வரையவேண்டும். ஓட்டுப் பெயர்ந்த கூரையில் தார்ப்பாய் கட்டுவது போலத்தான்.

கூரையையே மாற்றுவது என்று முடிவெடுத்து, வேறு இன்ஜின்களைச் சோதித்துக்கொண்டிருந்தபோது 2023 செப்டம்பர் 12 வந்தது. உலகின் மொபைல் கேம்களில் பெரும் பகுதி யூனிட்டி என்ற இன்ஜினில் எழுதப்படுகிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் மூன்று இளைஞர்கள் தொடங்கி 2005ல் வெளியிட்டது. போகிமான் கோ, அமங் அஸ் எல்லாம் இதில் பிறந்தவை. அன்றைய தினம் யூனிட்டி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. குறிப்பிட்ட வருமானத்தையும் டவுன்லோடையும் தாண்டிய கேம்கள், 2024 ஜனவரி முதல், ஒவ்வொரு புதிய இன்ஸ்டாலுக்கும் கட்டணம் செலுத்தவேண்டும். சிறிய திட்டத்தில் இருப்பவர்களுக்கு எல்லை 2 லட்சம் டாலர், 2 லட்சம் இன்ஸ்டால். கட்டணம் அதிகபட்சம் 20 சென்ட். இந்தியா போன்ற நாடுகளின் இன்ஸ்டாலுக்குக் குறைவு.

என் கேம் அந்த எல்லையை ஏழு ஜென்மத்துக்கும் தொடாது. என்னை உறுத்தியது தொகை அல்ல. ஏற்கனவே வெளியாகி ஓடிக்கொண்டிருந்த கேம்களுக்கும் இது பொருந்தும் என்றார்கள். மண்டபத்தைப் பேசி, அட்வான்ஸ் கொடுத்து, பந்தி நடந்துகொண்டிருக்கும்போது சொந்தக்காரர் வந்து, 'இனிமேல் போடுகிற ஒவ்வொரு இலைக்கும் தனிக் காசு' என்றால் எப்படி இருக்கும்? உலகெங்கும் கொதித்தார்கள். பத்து நாளில் யூனிட்டி விதிகளைத் தளர்த்தியது. அக்டோபரில் தலைமை அதிகாரி ஜான் ரிச்சிட்டெல்லோ விலகினார். அறிவிப்பு வந்து சரியாக ஓராண்டு கழித்து, 2024 செப்டம்பர் 12 அன்று, அந்தக் கட்டணத்தையே முழுசாக ரத்து செய்துவிட்டார்கள். ஆனாலும் பலர் அந்த ஓராண்டிலேயே வீடு மாறிவிட்டார்கள். ஸ்லே தி ஸ்பையர் என்ற புகழ்பெற்ற சீட்டு விளையாட்டின் முதல் பாகம் லிப்ஜிடிஎக்ஸ் என்ற ஜாவா கருவியில் எழுதப்பட்டது. யூனிட்டியில் எழுதப்பட்டுவந்த இரண்டாம் பாகத்தை கோடோவுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

நான் சோதனைக்கு வைத்துக்கொண்ட முறை எளிமையானது. ஒரே ஒரு திரை. அதில் ஐந்து வார்த்தைகள்: பெட்டி, கொக்கு, கௌதாரி, கூடு, ஸ்ரீரங்கம். ஒரு பொத்தான். அதைத் தொட்டால் ஒரு எழுத்து விழவேண்டும். இதை ஒவ்வொரு இன்ஜினிலும் எழுதி, இரண்டு போன்களில் ஓட்டுவேன். ஒன்று என்னுடையது. மற்றொன்று 2 ஜிபி ராம் உள்ள, ஓரம் நொறுங்கிய பழைய போன். வீட்டில் குழந்தை கையில் கொடுக்கிற போன் எப்போதும் இரண்டாவது வகைதான்.

மூன்று மாதத்தில் ஆறு இன்ஜின்கள். மூன்று முதல் வார்த்தையிலேயே விழுந்தன. ஒரு கேமை இணையப் பக்கமாக எழுதி, பிரவுசரோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் வழி ஒன்று உண்டு. எழுத்தை பிரவுசர் பார்த்துக்கொள்வதால் தமிழ் கச்சிதம். ஆனால் என் பழைய போனில் அது கண் விழிக்கவே நேரம் பிடித்தது. கூகுளின் ஃபிளட்டர் மீது கட்டப்பட்ட ஃபிளேம் தமிழைத் தவறில்லாமல் காட்டியது. வார்த்தை விளையாட்டு போன்றவற்றுக்கு அது நல்ல தேர்வுதான். ஆனால் காட்சிகளைக் கண்ணால் பார்த்துப் பார்த்து அடுக்கும் வசதியை என் கை தேடியது.

கடைசியாக கோடோ. அர்ஜென்டினாவில் ஹுவான் லினியட்ஸ்கியும் ஏரியல் மன்சூரும் உருவாக்கியது. 2014ல் நிரலைப் பொதுவுக்குத் திறந்துவிட்டார்கள். உரிமப் பத்திரம் ஒரு பக்கம்கூட இல்லை. 'எடுத்துக்கொள், மாற்று, விற்றுக்கொள், எங்கள் பெயரை மட்டும் நீக்காதே, உடைந்தால் எங்களைக் கேட்காதே': சாரம் இவ்வளவுதான். பெயர் சாமுவெல் பெக்கெட்டின் நாடகத்திலிருந்து வந்தது. நாடகத்தில் கோடோ கடைசிவரை வருவதே இல்லை. என் வீட்டுக்கு வந்தது. 2023 மார்ச்சில் வெளியான நான்காம் பதிப்பில், எழுத்தை அடுக்கும் பகுதியைப் புதிதாக எழுதி, அதே ஹார்ஃப்பஸை உள்ளே வைத்திருந்தார்கள். கௌதாரியில் கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. ராத்திரி பதினொன்றரைக்கு மனைவியை எழுப்பிக் காட்டினேன். "கௌதாரிதானே போட்டிருக்கு? இதுக்கா எழுப்பினீங்க?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. எழுத்து சரியாக இருந்தால் யாருடைய கண்ணிலும் படாது.

குறை இல்லாமல் இல்லை. விளம்பரம் காட்டும் வசதி, கேமுக்குள் பணம் வாங்கும் வசதி எல்லாம் இதோடு கூடவே வருவதில்லை. வெளியார் எழுதிய துணைக் கருவிகளைத் தேடிச் சேர்க்கவேண்டும். கேம் எழுதியே பிழைக்கவேண்டியவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. புனேயில் இன்ஜினியரிங் படிக்கும் என் அண்ணன் மகன், "சித்தப்பா, நான் எதைப் படிக்கட்டும்?" என்று கேட்டான். யோசிக்காமல் "யூனிட்டி" என்றேன். கேம் கம்பெனிகளில் வேலைக்கு எடுக்கும்போது அதிகம் கேட்பது அதைத்தான். பெரிய 3டி கேம் என்றால் அன்ரியல். பப்ஜி மொபைல் அதில் எழுதப்பட்டது. அவன் குழம்பினான். "நீங்க மட்டும் வேற வச்சிருக்கீங்க?" அவனுக்கு வேலை வேண்டும். எனக்குக் கொம்பு வேண்டும். எது சிறந்த இன்ஜின் என்ற சண்டையில் பாதி, யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்காததால் வருவது.

பழைய கேமை கோடோவில் திரும்ப எழுத ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. இரவு இரண்டு மணி நேரம் என்றால் அப்படித்தான். இந்த முறை மனைவி பெயரில் பிளே ஸ்டோரில் புதுக் கணக்கு தொடங்கினோம். ஒரே முறை 25 டாலர். 2023 நவம்பருக்குப் பிறகு தனிநபர் கணக்கு தொடங்குபவர்கள், கேமைப் பொதுவில் விடும் முன் ஆட்களை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதிக்கவேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்ததை 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். மாட்டுங்காவில் பெரியம்மா, டில்லியில் சித்தப்பா மகள், ஜாம்ஷெட்பூரில் மாமா, அகமதாபாத்தில் மச்சான் என்று பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

அப்போதுதான் கவனித்தேன். அந்தப் பன்னிரண்டு வீடுகளில் ஒன்பதில் பள்ளிப் பிள்ளைகள். ஒருவருக்கும் பள்ளியில் தமிழ் இல்லை. வீட்டில் பேசுகிறார்கள், எழுத்து மட்டும் தெரியாது. போனில் பார்க்கும் தமிழ்தான் அவர்கள் பார்க்கும் தமிழ். "எங்க வீட்டு வாண்டு ஸ்கோர் நாற்பது" என்று மாட்டுங்காவிலிருந்து செய்தி வந்தது. தமிழ்நாட்டில் படிக்கும் பிள்ளை என் கேமில் கொம்பைத் தப்பாகப் பார்த்தாலும், மறுநாள் டீச்சர் சிவப்பு மையில் திருத்தியிருப்பார். இந்தப் பிள்ளைகளுக்குச் சிவப்பு மை கிடையாது.

2025 பிப்ரவரியில் கேம் ஸ்டோருக்கு வந்தது. சில நூறு பேர் வைத்திருக்கிறார்கள். வருமானம் பூஜ்யம். மகளுக்கு ஒன்பது வயதாகிவிட்டது. அவளுக்கு அது இப்போது சின்னப் பிள்ளைகள் விளையாட்டு. கொம்பை ஒழுங்காக முன்னால்தான் போடுகிறாள். ஆனால் அவசரமாக எழுதும்போது இன்றும் எப்போதாவது 'ப' முதலில் வந்துவிடுகிறது. அடித்துவிட்டுத் திருத்தி எழுதுகிறாள். கேமை நான் முழுசாகத் திரும்ப எழுதினேன். அவள் கைப்பழக்கத்தை அப்படித் திரும்ப எழுத முடியவில்லை.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. 2012ன் ஆடு புலி ஆட்டத்தை எடுத்தேன். பழைய நிரலில் ஒரு வரியும் கோடோவுக்கு ஆகாது. ஆனால் புலி எப்படி யோசிக்கவேண்டும் என்று நான் அன்று போட்ட கணக்கு அப்படியே இருந்தது. அப்பா ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் போட்ட கணக்கு. ஆடுகளைத் தேடிப் போகாது. நடுக்கட்டத்தைப் பிடித்துக்கொண்டு, எதிராளி அவசரப்படும்வரை காத்திருக்கும். பதினோரு ராத்திரியில் முடிந்தது. கூடவே நிரலின் பிரதியையும், இன்ஜினின் அந்தப் பதிப்பையும் ஒரு டிஸ்கில் போட்டு பீரோவில் வைத்தேன். சொந்தக்காரர் போனாலும் இந்தமுறை சாவி என்னிடம் இருக்கும்.

கடந்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து, ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். புலி நடுவில் போய் உட்கார்ந்தது. அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று ஆடுகள் வெட்டுப்படும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கினார். "எல்லாம் சரியாத்தாம்லே இருக்கு. எழுத்துதான் ரொம்பப் பொடிசா இருக்கு."

லேப்டாப்பைத் திறந்து ஓர் எண்ணை மாற்றினேன். 28ஐ 44 ஆக்கினேன். இரண்டு நிமிடம் ஆனது. கொம்பு எதுவும் நகரவில்லை.